வென்றது முறையா, ஆசிரியரா?

ஊசலின் குண்டையும் நூலின் நீளத்தையும் ஒருங்கே மாற்றிவிட்டு, "அலைவு நேரம் மாறியது குண்டினால்தான்" என்று ஒரு மாணவன் எழுதினால் நீங்கள் ஏற்பீர்களா? ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதும் இக்கேள்வியை மறவாதீர்கள்.

1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு ஒரு புதுமுறையைச் சோதித்தார். அதில் இலக்கணப் பாடம் இல்லை. ரயில் கால அட்டவணையை ஆராய்தல், வரைபடத்தில் வழி காணல் போன்ற பணிகளே பாடம். பொருளில் மனம் ஊன்றினால் இலக்கணம் தானே படியும் என்பது கொள்கை.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985-இல் வெளிவந்தது. இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தின. பணி சார்ந்த தேர்வில் புதுமுறை வகுப்புகள் முந்தின. அவரவர் பழகியதில் அவரவர் வென்றதில் வியப்பில்லை. இரு முறைக்கும் பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் புதுமுறையே மேலோங்கியது என்பதுதான் கருதத்தக்கது.

ஆனால் மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. இருந்த வகுப்புகளே அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆசிரியர்களும் வேறுவேறு. குண்டோடு நூலும் மாறிவிட்டது! மதிப்பிட்டவர்கள் இக்குறையை மறைக்கவில்லை. முடிவைத் தயக்கத்துடனேயே கூறினர். அது பாராட்டுக்குரியது.

மிகச் சிறந்த முறை என ஒன்றில்லை என்று 1990-இல் பிரபுவே வாதிட்டார். தம் கற்பித்தலில் ஆசிரியருக்குள்ள உயிர்ப்பான நம்பிக்கையையே அவர் பெரிதாகக் கொண்டார். சோதனையில் கட்டுப்படுத்தப்படாத நூல் அதுவன்றோ?

உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் புதுமுறை ஒன்று வரும்போது, முதலில் இதைக் கேளுங்கள்: "ஒப்பிட்டபோது வேறு என்னென்ன மாறின?"