ஆசிரியன் சொல்லும் கதை

வகுப்பறையில் ஓர் ஆசிரியன் கண்ட வெற்றியை இன்னோர் ஆசிரியனிடம் எவ்வாறு கொண்டு சேர்ப்பது? சுற்றறிக்கை கட்டளையிடுகிறது, போதனாமுறை நூல் விதி வகுக்கிறது. கதையோ அவனைச் சக தொழிலாளியாக மதித்து, அருகிலமர்ந்து பேசுகிறது. குஜராத்தி எழுத்தாளர் கிஜுபாய் பதேக்கா (1885–1939) இதை நன்குணர்ந்தவர். வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கல்வித்துறைக்கு வந்து, 1920இல் பவநகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கிய அவர், 1930களின் தொடக்கத்தில் எழுதிய ‘திவாஸ்வப்னம்’, ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது.

கல்வியதிகாரி ஒருவரிடம் மன்றாடி, நான்காம் வகுப்பொன்றை ஓராண்டுச் சோதனைக்காகப் பெறுகிற ஆசிரியனின் கதை இது. முதல் நாள், பிள்ளைகளை மௌன விளையாட்டில் அமர்த்த முயல்கிறான், கூச்சலே மிஞ்சுகிறது. தோற்றுப்போய் வகுப்பைக் கலைத்துவிடுகிறான். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறான். வகுப்பு அவன் வசப்படுகிறது. பாடநூல்களுக்காகும் பணத்தில் பலவகை நூல்களை வாங்கச் செய்து, வகுப்புக்கென ஒரு நூலகத்தை உருவாக்குகிறான்.

இந்நூலின் தலையாய சிறப்பு, தோல்வியை முதலில் வைத்ததே. நம் கருத்தரங்குகளில் கேட்கும் வெற்றிக் கதைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே முரட்டு மாணவன் ஒருவன் வருவான். ஆசிரியரின் ஒரு சொல்லில் திருந்துவான். இறுதியில் பரிசு பெறுவான். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எம்முயற்சி முதலில் பொய்த்தது, செலவை யார் ஏற்றார் என்பனவற்றுக்கு அக்கதைகளில் விடையில்லை. கேட்பவன் கை தட்டலாம். தன் வகுப்புக்கு எடுத்துச் செல்ல அவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

எனினும் கிஜுபாயின் கதைக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் நாயகனுக்கு ஒரே வகுப்பு. அதிகாரியின் அனுமதியும் உண்டு. பட்டிப்பொலையின் பனியில் அதைப் படிக்கும் ஆசிரியனுக்கு வேறு கேள்விகள் எழுகின்றன. நமது தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழ், பல வகுப்புகளுக்கு ஓராசிரியர் என்ற நிலையில் கிடந்தவை. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. தாய் விடியலில் பெரட்டுக்குப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் லயத்தில் நின்றுவிடுகிறாள். மழை நாளில் கொழுந்து குறைந்து ‘அரைப்பேர்’ விழுந்தால், கொப்பி வாங்கும் காசும் குறைகிறது. வகுப்பில் எத்துணை இனிய கதை சொன்னாலும், வராத பிள்ளையின் செவிக்கு அது எட்டுமா?

இக்கேள்விக்கு இத்தாலியிலிருந்து ஒரு குரல் துணை வருகிறது. பார்பியானா என்ற ஏழை மலைக்கிராமத்தில், பாதிரியார் லொரென்சோ மிலானியின் பள்ளியில் பயின்ற எட்டுச் சிறுவர்கள், 1967இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை வெளியிட்டனர். தேர்வில் தவறியவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். பள்ளியின் சல்லடை ஏழைகளையே கழித்துவிடுவதைப் புள்ளிவிவரங்களோடு காட்டினார்கள். கிஜுபாயின் நூலில் ஆசிரியன் பேசுகிறான். இங்கே, பள்ளி தள்ளிவிட்ட மாணவனே பேசுகிறான். ஒன்று வகுப்பை நடத்தும் வழியைக் கற்பிக்கிறது. மற்றது வகுப்புக்கு வெளியே நிற்பவனை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே ஆசிரியனின் கதை முழுமை பெறும்.

மலையகத்துக்கு இக்கதைகள் தேவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் இன்று நம் வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்த நாளை நாம் எழுதுவோம். அதற்கு முன் பலிக்காமற்போன முயற்சிகளையும் எழுதுவோம். அவளருகே வெறுமையாய்க் கிடந்த இடத்தையும், அங்கிருந்தவள் எந்தக் கிழமையில் நின்றாள், எதனால் நின்றாள் என்பதையும் எழுதுவோம். அடுத்த தோட்டத்து ஆசிரியன் அதைப் படித்துவிட்டுத் தன் வரவுப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பானானால், அக்கதை தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.