சப்பாத்தும் பாதமும்: லொற்றே றைனிகரின் இரண்டு சிண்டரெல்லாக்கள்

கடந்த மாரிகாலத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு நண்பர் வீட்டில் கூடி இரண்டு சிறிய படங்களைப் பார்த்தோம். இரண்டும் சிண்டரெல்லா கதை. இரண்டையும் ஆக்கியவர் ஒருவரே. முதலாவது 1922இல் பேர்லினில் செய்யப்பட்டது. மற்றது 1954இல் இதே லண்டனில். பார்த்து முடிந்ததும் எங்களில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "முதலாவது கலை. இரண்டாவது கூலி."

அன்றிரவு அதை மறுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. இந்தக் கட்டுரை தாமதமாக வரும் என் பதில்.

லொற்றே றைனிகர் 1899இல் பேர்லினில் பிறந்தவர். கறுப்புக் காகிதத்தையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுக்களைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டப்பட்ட கண்ணாடி மேசையில் அந்த உருவங்களைக் கிடத்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மேலேயுள்ள கமெராவால் ஒவ்வொரு சட்டமாகப் பதிவு செய்வது அவர் முறை. 1926இல் வெளிவந்த அவரது 'இளவரசர் அஹ்மத்தின் சாகசங்கள்', இன்று எமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய முழுநீள அசைவூட்டப் படம். வோல்ற் டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் 1937இல்தான் வந்தது. எங்கள் தோற்பாவைக் கூத்தோடு இதை உடனே ஒப்பிடத் தோன்றும். ஆனால் தோற்பாவையின் தோல் ஒளியை ஊடுருவ விட்டு நிறம் காட்டுகிறது. றைனிகரின் பாவை ஒளியை மறிக்கிறது. முகமில்லை, நிறமில்லை, எஞ்சுவது விளிம்பு மட்டுமே.

இடதுசாரிகளோடு உறவு கொண்டிருந்த அவரும் கணவர் கார்ல் கொக்கும் 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேறினார்கள். நிரந்தரமாகத் தங்க எந்த நாடும் அவர்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. விசா முடியும்போதெல்லாம் நாடு மாறினார்கள். பிரான்சில் ழான் ரெனுவாரின் 'லா மார்செய்யேஸ்' படத்துக்கு நிழற்கூத்துக் காட்சி ஒன்றைச் செய்து கொடுத்தார். லண்டனில் தபால் திணைக்களத்தின் திரைப்படப் பிரிவுக்கு வேலை செய்தார். யுத்தம் தொடங்கியபின் இத்தாலி. 1944இல் நோயுற்ற தாயைப் பராமரிக்க மீண்டும் பேர்லின். 1949இல் லண்டன் வந்து குடியேறியபோது அவருக்கு ஐம்பது வயது. அந்த வயதில் இந்த நகரத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது என்றால் என்ன என்பதை இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1922ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். தொடக்கத்திலேயே ஒரு கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டுகிறது. அந்த வெட்டிலிருந்து சிண்டரெல்லா பிறக்கிறாள். எந்தத் தேவதையும் அவளைத் தரவில்லை, ஒரு கைதான் செய்தது என்பதைப் படம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. இதில் ஓர் அரசியல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அடுப்படியில் சாம்பலோடு கிடப்பவளும், அவளை வதைக்கும் சிற்றன்னையும், சகோதரிகளும், இளவரசனும் வெட்டப்பட்டது ஒரே கறுப்பிலிருந்துதான். நல்லவள் கெட்டவள் என்ற பேதம் மூக்கின் வளைவிலும் முதுகின் கூனிலும், அதாவது வெட்டுபவரின் கையில், இருக்கிறது. தியாகி, துரோகி என்று ஒருவரையொருவர் வெட்டி ஒட்டிய ஒரு சமூகம் இதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. எங்கள் கத்தரிக்கோல்கள் யார் கையில் இருந்தன என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

தற்செயலாக, அதே 1922இல் கன்சாஸ் நகரில் இளைஞரான டிஸ்னியும் ஒரு சிண்டரெல்லாக் குறும்படம் செய்தார். அதில் அவள் மோட்டார் வாகனத்தில் விருந்துக்குப் போகிறாள். புதிய காலத்தின் வேடிக்கை அது. றைனிகர் எதிர்த்திசையில், கதையின் பழைய இருட்டுக்குள் போகிறார். 1697இல் பெரோ எழுதிய பிரெஞ்சுக் கதையில் கண்ணாடிச் சப்பாத்து உண்டு, இரத்தம் இல்லை. கிறிம் சகோதரர்களின் ஜேர்மன் கதையில் சகோதரிகள் சப்பாத்துக்காகத் தங்கள் பாதங்களை வெட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி விரலை, மற்றவள் குதிக்காலை. கத்தியை எடுத்துக் கொடுப்பவள் பெற்ற தாய். அரசியானபின் நடக்கவேண்டிய தேவை இராது என்பது அவளின் நியாயம். றைனிகர் அந்த வெட்டை மறைக்கவில்லை. சகோதரி தன் பாதத்தை வெட்டுவதை நாங்கள் பார்க்கிறோம்.

இந்த இடத்தில்தான் எங்கள் வாசிப்பு பிழைக்கிறது. புகலிடத் தமிழர்கள் சிண்டரெல்லாவைப் பார்க்கும்போது தயக்கமின்றித் தம்மை அவளாகவே காண்கிறார்கள். நாங்கள் உயர்ந்த இடத்துப் பிள்ளைகள், விதியால் சாம்பலுக்கு வந்தவர்கள், எமது பாதத்துக்கே அளவெடுத்த சப்பாத்தோடு ஒருவன் ஒருநாள் வருவான். தனிமனிதர்களுக்கு அந்த இளவரசன், பட்டத்தை அடையாளம் காணும் ஒரு நிறுவனம். சமூகமாக எமக்கு அவன் பெயர் சர்வதேச சமூகம். 2009 மே மாதத்தின் பின்னரும் அவன் குதிரைக் குளம்பொலிக்குக் காது கொடுத்தபடிதான் ஒவ்வொரு ஜெனீவாக் கூட்டத்தொடரையும் எதிர்கொண்டோம். சாம்பலில் இருப்பதையே ஒரு தகுதியாக நினைக்கப் பழகிவிட்டோம்.

ஆனால் படத்தை நேர்மையாகப் பார்த்தால், எங்களுக்குரிய இடம் அந்தச் சகோதரியின் இடம். என் கதையையே சொல்கிறேன். ஊரில் பதினொரு வருடங்கள் விரிவுரையாளராக இருந்தவன் நான். இங்கு வந்து தொழிற்சாலை வேலைக்கு மூன்று தடவை விண்ணப்பித்தும் பதில் வரவில்லை. அனுபவமுள்ள ஒரு தம்பி விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த முதுகலைமாணியை வெட்டுங்கோ. விரிவுரையாளர் எண்டதையும் வெட்டுங்கோ. பிறகு பாருங்கோ" என்றான். வெட்டினேன். பதினொரு வருடங்கள் இருந்த இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். அடுத்த கிழமை வேலை கிடைத்தது. சப்பாத்துப் பொருந்தியது. கத்தியை நீட்டியவன் என்மேல் அன்புள்ளவன் என்பதையும் சொல்லவேண்டும்; கிறிம் கதையின் தாயை அதன்பிறகு என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் அந்த அன்பின் பெயரால் எத்தனை பாதங்கள் வெட்டுப்படுகின்றன என்பதை யார் கணக்கெடுப்பது? எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் நீட்டும் கத்திகளை?

ஏ.கே. ராமானுஜன் எடுத்தெழுதிய கன்னட நாட்டுக்கதை ஒன்றில், சிண்டரெல்லாவின் உறவுக்காரியான ஹஞ்சி, சொந்த வீட்டுக்குள்ளேயே எழுந்த ஆபத்துக்குத் தப்ப மண் முகமூடி அணிந்து வெளியேறுகிறாள். அந்நியர் வீட்டில் சமைத்துப் பிழைக்கிறாள். அவள் முகத்தை மறைத்தாளே தவிர அறுக்கவில்லை. மறைப்பதற்கும் அறுப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசமே நண்பரின் தீர்ப்புக்கு என் பதில்.

1953இல் லண்டனில் பிரிம்ரோஸ் புரொடக்சன்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. அதில் றைனிகரோடு சேர்ந்தவர் லூயி ஹாகன். 'அஹ்மத்' படத்துக்குப் பணம் கொடுத்த யூத வங்கியாளரின் மகன். இளவயதிலேயே நாசிகளின் வதைமுகாமைக் கண்டு பிரித்தானியாவுக்குத் தப்பி வந்தவர். இரண்டு அகதிகள் சேர்ந்து ஆங்கிலக் குழந்தைகளுக்கு ஐரோப்பியக் கதைகளைத் திருப்பிச் சொன்னார்கள். நியூ பார்னெற்றில் இருந்த கலைஞர் குடியிருப்பொன்றில் வாழ்ந்தபடி, இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஒரு டசினுக்கும் மேற்பட்ட படங்களைச் செய்தார் றைனிகர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் பி.பி.சி.க்குமான வேலை அது. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம்.

நண்பரின் கூற்றில் உண்மை உண்டு. 1954ஆம் ஆண்டுச் சிண்டரெல்லா சிறிய படம். 1922இன் கூர்மையை அதில் தேடினால் ஏமாற்றமே. அங்கே மௌனம் எங்களைத் தனியே விட்டது. இங்கே ஓர் ஆங்கிலக் குரல் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. தொலைக்காட்சியின் சப்பாத்துக்குள் கதை மடக்கப்பட்டிருக்கிறது. இதை மறைத்துப் புகழ்வது றைனிகருக்கும் மரியாதை அல்ல.

ஆனால் ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு கை உயர்வதை, ஒரு தலை குனிவதை. ஒரு செக்கன் அசைவுக்கு இருபத்துநாலு சட்டங்கள். கூலிக்குச் செய்தவர் அந்தக் கையை அவ்வளவு பொறுமையாக உயர்த்தவேண்டிய அவசியம் இல்லை. சப்பாத்தின் அளவை அவர் தீர்மானிக்கவில்லை. அதற்காகக் கதையைச் சிறிதாக்கினார், குரலைத் தணித்தார். கையை மட்டும் வெட்டிக் கொடுக்கவில்லை. 1955இல் அதே தொடரின் 'தீரமிக்க சிறு தையற்காரன்' வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அந்தப் பரிசு இல்லாவிட்டாலும் என் வாதம் மாறாது.

ஆகவே 'கலையா, கூலியா' என்ற கேள்வியே புகலிடத்தில் பிழையாகக் கேட்கப்படுகிறது என்கிறேன். கூலி எல்லோருக்கும் உண்டு. கேட்கவேண்டியது, கூலிக்காக எதை மறைத்தோம், எதை அறுத்தோம் என்பதே. படிவத்தில் பதினொரு வருடங்களை வெட்டியது மறைப்பு என்றே நீண்ட காலம் எனக்குச் சமாதானம் சொல்லி வந்தேன். ஆனால் அதன்பின் ஆறு வருடங்கள் ஒரு பக்கம்கூட எழுதாமல் இருந்தேனே, அதை எந்த முதலாளியும் கேட்கவில்லை. அந்த வெட்டு என்னுடையது.