விருந்தாளியின் வெர்ஸ்: ஹிப்ஹாப் ரீமிக்ஸ்களை எடைபோடும் விதம்

2020 மே 16 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் இரண்டு இடங்களையும் ரீமிக்ஸ்கள்தான் பிடித்திருந்தன. முதலிடத்தில் டோஜா கேட்டின் 'சே சோ', உடன் நிக்கி மினாஜ். இரண்டாமிடத்தில் மேகன் தீ ஸ்டாலியனின் 'சேவேஜ்', உடன் பியான்சே. இரண்டுமே முன்பே வெளியாகி, டிக்டாக் நடனங்கள் வழியே உலகம் சுற்றி வந்த பாட்டுகள். ஆனால் உச்சிக்குப் போக இரண்டுக்கும் இன்னொரு குரல் தேவைப்பட்டது. நான்கு கறுப்பினப் பெண்கள் சேர்ந்து அந்தப் பட்டியலின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தது அதுவே முதல் முறை. இரண்டு வாரம் கழித்து 'சேவேஜ்' முதலிடத்துக்கு ஏறியது.

பட்டியலில் அருகருகே நின்றாலும் இரண்டின் கட்டுமானமும் வேறு. 'சே சோ'வில் டோஜா கேட் முன்பு பாடியதும் ராப் செய்ததும் பெரும்பாலும் அப்படியே இருக்க, நிக்கி தன் பங்கைச் சேர்த்துவிட்டுப் போகிறார். சுறுசுறுப்பான ராப்தான். ஆனால் அதை நீக்கிவிட்டாலும் பழைய பாட்டு குறையில்லாமல் நிற்கும்.

'சேவேஜ்' ரீமிக்ஸில் பியான்சேவைத் தனியே பிரித்தெடுக்க வழியே இல்லை. தொடக்கத்திலேயே அவர் குரல் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் ஹூக்கின் அடியில் அடுக்கடுக்கான இசைவுக் குரல்களாக ஓடுகிறது, பிறகு ராப்பாக முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் பாட்டைப் பரப்பிய டிக்டாக்கையே தன் வரிகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தன் முரட்டுத்தனம் தாய் டீனாவிடமிருந்து வந்தது என்கிறார். மேகனும் பழைய வரிகளோடு நின்றுவிடவில்லை. பீட்டையும் ஹூக்கையும் வைத்துக்கொண்டு தன் வெர்ஸ்களை, அதாவது ராப் பகுதிகளை, புதிதாக எழுதினார். இருவருக்கும் ஹூஸ்டன்தான் ஊர். கொரோனா காலத்தில் வெளிவந்த அந்த ரீமிக்ஸின் வருவாய் அதே ஊரின் நிவாரணப் பணிக்குப் போனது. 2021 கிராமி விழாவில் சிறந்த ராப் பாடல், சிறந்த ராப் நிகழ்த்துகை என்று இரண்டு விருதுகள் கிடைத்தன.

இந்த இரண்டு பாட்டுகளை வைத்தே ரீமிக்ஸை எடைபோட ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொள்ளலாம். வந்தவர் எவ்வளவு பெரியவர், பட்டியலில் எத்தனை இடம் ஏறியது என்பதெல்லாம் வியாபாரக் கணக்கு. கேட்பவர் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். விருந்தாளியின் வெர்ஸை அப்படியே பெயர்த்து வேறொரு பீட்டில் வைத்தால் பொருந்துமா? விருந்தாளி வந்ததால் பாட்டுக்குரியவர் தன் பங்கில் எதையாவது மாற்றினாரா? முதல் கேள்விக்கு 'பொருந்தும்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் பதில் வந்தால், அந்த ரீமிக்ஸுக்குக் கிடைத்தது ஒரு பெயர் மட்டுமே.

ரீமிக்ஸ் என்றால் ஒலிப்பதிவைப் பிரித்து மறுபடி கோப்பது என்பதுதான் ஜமைக்காவின் டப் கலைஞர்களும் நியூயார்க்கின் டிஸ்கோ டிஜேக்களும் வளர்த்த வழக்கம். ராப் அதில் ஆட்களையும் சேர்த்துக்கொண்டது. 1994-இல் பேட் பாய் நிறுவனம் வெளியிட்ட கிரெய்க் மேக்கின் 'ஃபிளேவா இன் யா இயர்' ரீமிக்ஸ் இன்றுவரை உதாரணமாகக் காட்டப்படுகிறது. ஈஸி மோ பீ அமைத்த பீட்டில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., ராம்பேஜ், எல்எல் கூல் ஜே, பஸ்டா ரைம்ஸ் ஆகியோர் வரிசையாக வந்தார்கள். முதல் வெர்ஸ் பி.ஐ.ஜி.க்குப் போனது. அவருடைய முதல் ஆல்பமும் கிரெய்க் மேக்கின் முதல் ஆல்பமும் அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்தவை. இன்று அந்த ரீமிக்ஸைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது பி.ஐ.ஜி.யின் தொடக்கம்தான். நல்ல விருந்தாளியால் பாட்டு பிழைக்கலாம், பாட்டுக்குரியவர் மங்கலாம் என்ற இரண்டையும் அந்தச் சில நிமிடங்களே காட்டிவிட்டன.

விருந்தாளி பாட்டைக் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்பதற்கு நல்ல சான்று 2013-இல் வந்த 'வெர்சாச்சி' ரீமிக்ஸ். அட்லாண்டா பக்கத்து இளைஞர்களான மிகோஸ் குழு, சேடோவன் அமைத்த பீட்டில், ஒரு தட்டுக்கு மூன்று அசையாகச் சொற்களை உதிர்த்தது. நம் மிருதங்கக்காரர்கள் திஸ்ர நடை என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும் கணக்கு அது. டொரொண்டோவின் டிரேக் அப்போதே பெரிய நட்சத்திரம். அவர் தன் வழக்கமான இழுவையை விட்டுவிட்டு, மிகோஸின் நடையிலேயே முதல் வெர்ஸைச் சொன்னார். பெரியவர் சிறியவரின் நடையைக் கற்றுக்கொண்டு வந்ததால் அந்த நடைக்கே கௌரவம் கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க ராப் முழுக்க அது பரவியது.

இதைவிடச் சிக்கலான வழக்கு 2005-இன் 'டயமண்ட்ஸ் ஃப்ரம் சியரா லியோன்'. ஷர்லி பாஸியின் பழைய திரைப்பாடல் குரலை அடியில் வைத்து கான்யே வெஸ்ட் முதலில் எழுதியது தன் ரோக்-ஏ-ஃபெல்லா நிறுவனத்தின் கதை. அந்தக் குழுவினர் கைகளால் காட்டும் வைர முத்திரையே அதன் குறியீடு. தலைப்பில் சியரா லியோன் இருந்தும், உள்நாட்டுப் போருக்குப் பணம் தந்த ரத்த வைரங்கள் பாட்டுக்குள் இல்லை. ரீமிக்ஸில் கான்யே தன் வெர்ஸைத் திருத்தி எழுதி, கழுத்தில் தொங்கும் நகையையும் அங்கே சிந்திய ரத்தத்தையும் நேருக்கு நேர் நிறுத்தினார். விருந்தாளியாக வந்த ஜே-சீயோ ஆப்பிரிக்காவைத் தொடவில்லை. நிறுவனத்தையும் தன் வியாபாரத்தையும் பற்றியே பேசினார். மேலோட்டமாகப் பார்த்தால் தலைப்பை மறந்த வெர்ஸ். ஆனால் முதல் வடிவத்தோடு சேர்த்துக் கேட்டால் விஷயம் வேறு. ரோக்-ஏ-ஃபெல்லா உடைந்த கதைக்கு அதன் தலைவர் தரும் பதில் அது. பாட்டுக்குரியவர் பழைய பொருளை விட்டுப் புதியதற்குப் போக, விருந்தாளி பழைய பொருளை எடுத்து முடித்துவைக்கிறார். கான்யேயின் 'லேட் ரெஜிஸ்ட்ரேஷன்' ஆல்பத்தின் நடுவில் ரீமிக்ஸ் இடம்பெற்றது, மூலம் கூடுதல் பாடலாகக் கடைசிக்குப் போனது.

கலைக்கணக்கு இப்படியிருக்க, பட்டியலின் விதிகளும் ரீமிக்ஸை வளைத்திருக்கின்றன. 2001-இல் ஜெனிஃபர் லோபஸின் 'ஐம் ரியல்' பாட்டுக்கு ஜா ரூலோடு வந்த ரீமிக்ஸ், பெயர் மட்டும் ஒன்றாயிருந்த வேறொரு பாட்டு. இரண்டுக்கும் கிடைத்த ஒலிபரப்பு ஒரே கணக்கில் சேர்ந்து முதலிடம் கிடைத்தது. அதன்பின், இசை முற்றிலும் மாறியிருந்தால் தனிப் பாட்டாகவே எண்ணுவது என்று பில்போர்டு விதியை மாற்றியது. அடிப்படை மாறாத ரீமிக்ஸ்கள் மூலத்தோடு சேர்த்தே இன்றும் எண்ணப்படுகின்றன. ஆகவே இறங்கத் தொடங்கும் பாட்டுக்கு ஒரு புது வெர்ஸ் ஒட்டுவது லாபமான வேலை.

2019-இன் 'ஓல்ட் டவுன் ரோட்' இரண்டு முகத்தையும் காட்டியது. பில்போர்டு அந்தப் பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியபோது, கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் வந்து லில் நாஸ் எக்ஸோடு பாடினார். அவர் வந்து நின்றதே அந்த நீக்கத்துக்கு ஒரு பதில். பிறகு கோடையில் யங் தக்கும் சிறுவன் மேசன் ராம்சியும் ஒரு வடிவத்தில் வந்தார்கள், பிடிஎஸ் குழுவின் ஆர்எம் இன்னொன்றில் வந்தார். பாட்டு 19 வாரம் முதலிடத்தில் நின்று அதுவரை இருந்த 16 வாரச் சாதனையை முறியடித்தது. சைரஸ் இல்லாமல் அந்தப் பாட்டின் வரலாற்றை எழுத முடியாது. பின்னால் வந்தவர்களை விட்டுவிட்டு எழுதலாம்.

அண்மைக் காலத்தில் இந்த அளவுகோலில் நன்றாகத் தேறியது மெம்பிஸ் நகரின் குளோரில்லா. ஹிட்கிட் பீட்டில் 2022-இல் வந்த 'எஃப்.என்.எஃப்.' காதலனைக் கழற்றிவிட்டுத் தோழிகளோடு சுற்றும் பெண்ணின் குதூகலம். அதன் ரீமிக்ஸுக்கு லாட்டோவும் ஜேடியும் வந்தபோது, பாட்டு பேசிய தோழிகள் நிஜமாகவே காரில் ஏறிக்கொண்டது போலிருந்தது. அதே ஆண்டு கார்டி பி சேர்ந்த 'டுமாரோ 2' ஹாட் 100-இன் முதல் பத்துக்குள் போனது. அங்கே கார்டி பி மூச்சுவிடாமல் நீளமாகப் பொழிகிறார். குளோரில்லாவின் கனத்த குரலுக்கு ஈடுகொடுக்க அந்த வேகம் தேவையாகவே இருக்கிறது.

அடுத்த ஆண்டின் 'பிரின்சஸ் டயானா' வேறு வகை. பிராங்க்ஸின் ஐஸ் ஸ்பைஸ் அலட்டிக்கொள்ளாமல் தாழ்ந்த குரலில் சொல்லும் டிரில் வகை ராப் பாட்டு அது. நிக்கி மினாஜ் உள்ளே வந்ததும் ஒலியளவும் நாடகமும் ஏறிவிடுகின்றன, மூலத்தின் நிதானம் போய்விடுகிறது. மூத்தவரின் அங்கீகாரம் ஐஸ் ஸ்பைஸுக்குக் கிடைத்தது, பட்டியலில் முதல் ஐந்துக்குள் இடமும் கிடைத்தது. பாட்டுக்கு அதனால் என்ன லாபம் என்பதுதான் விளங்கவில்லை.

மலப்புறத்தில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்த ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' 2024-இல் ஹாட் 100-க்குள் நுழைந்தது. கல்மியின் பீட்டும், மரணக்கிணற்றின் சுவரில் பைக்குகள் சுழலும் காணொளியும் ஒரே ஆவேசத்தில் பிணைந்தவை. ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் ஏசாப் ராக்கி ரீமிக்ஸில் சேர்ந்தார். ராக்கியின் தொடக்கப் புகழே ஹூஸ்டனின் மந்தமான ஒலியிலிருந்து எடுத்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து நிற்க அந்த ஊரே பொதுத் தளமாக இருந்திருக்கலாம். ஆனால் இருவர் பங்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, ஒன்று மற்றதைச் சீண்டுவதில்லை.

பெயர் யாருக்கு என்ற கேள்வி தமிழுக்கும் நெருக்கமானது. சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'யில் பாடகி தீயின் குரலும் பாடலாசிரியர் அறிவின் ராப்பும் இணைந்திருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவு அதற்குள் இருந்தது. பிரெஞ்சு டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்ததையும், ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லாமல் போனதையும் ஒட்டி இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பின்னர் அந்த இதழ் அறிவைத் தன் டிஜிட்டல் அட்டையில் வெளியிட்டது. புதிதாக வருபவருக்கு இடம் தரும்போது முதலில் எழுதியவரின் பெயர் நகரக் கூடாது என்பதையும் ரீமிக்ஸை மதிப்பிடுபவர் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2024 மார்ச்சில் ஃப்யூச்சரும் மெட்ரோ பூமினும் வெளியிட்ட 'லைக் தட்' பாட்டில் விருந்தாளியாக வந்தவர் கென்ட்ரிக் லமார். அவர் பேசியது பாட்டின் ஹூக்கோடு ஒட்டாத விஷயம். டிரேக்கும் ஜே. கோலும் முந்தைய ஆண்டு ஒரு பாட்டில் மூன்று பெரியவர்கள் என்று தங்களோடு அவரையும் சேர்த்துச் சொன்னதற்கு மறுப்பு அது. அப்படியானால் பெயர்த்து வைக்கக்கூடிய வெர்ஸ் என்று தோன்றலாம். ஆனால் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தின் தலைப்பே 'வீ டோன்ட் டிரஸ்ட் யூ'. யாரை நம்பவில்லை என்பதைக் கென்ட்ரிக் வெளியே சொன்னார். இந்த வெர்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு இல்லை. ஏப்ரலில் யே, அதாவது பழைய கான்யே வெஸ்ட், அதே பீட்டில் ஒரு ரீமிக்ஸோடு சண்டைக்குள் புகுந்தார். மே முதல் வாரத்தில் டிரேக்கைத் தாக்கும் கென்ட்ரிக்கின் 'நாட் லைக் அஸ்' வந்தது. அதற்கு வழிவிட்ட வெர்ஸைக் கேட்டவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், யேயின் ரீமிக்ஸைத் தேடிப் போய்க் கேட்பவர்கள் குறைவு.