ஐந்து வகுப்பும் நாற்பது விழுக்காடும்

இளங்கலை படிக்கும் எவரும் எழுதியாக வேண்டிய தாள் சுற்றுச்சூழல் கல்வி. 1991இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியில், எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வகுத்த பாடத்திட்டம் அது. மொத்தம் எட்டு அலகுகள், ஐம்பது வகுப்புகள். கடைசி அலகு முழுக்கக் களப்பணி. ஐந்து வகுப்பு நேரத்தில் உள்ளூரில் மாசுபட்ட இடம் ஒன்றை நேரில் பார்த்து எழுதச் சொல்கிறது. நூற்றில் இருபத்தைந்து மதிப்பெண் அதற்குத்தான்.

திருச்சி மாணவர்கள் அப்படி ஓர் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் அந்த ஐந்து வகுப்பும், சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் நாலு பக்கமாகச் சுருங்கிப்போயிருக்கிறது. இணையத்தையும் வகுப்பறையையும் இணைக்கும் கலப்புக் கற்றலைப் பற்றிய என் கவலை தொடங்குவது இங்கேதான்.

துறைகளைக் கலந்து படிப்பது என்றால் என்ன என்று கேட்பவருக்கு அரியமங்கலம் குப்பைக் கிடங்கைவிட நல்ல விடை இல்லை. ஏறத்தாழ 47 ஏக்கர், அரை நூற்றாண்டுக் குப்பை. கோடையில் அது ஏன் பற்றி எரிகிறது என்பதற்கு மீத்தேனைப் பற்றி நுண்ணுயிரியல் மாணவி சொல்ல வேண்டும். கசிநீர் நிலத்தடி நீரை என்ன செய்கிறது என்பது வேதியியல். பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்க ஆகும் செலவு, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும் பிளாஸ்டிக், இவை வணிகவியல் மாணவரின் கணக்கு. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் யார், கிடங்கை ஒட்டிக் குடியிருக்க நேர்ந்தவர்கள் யார் என்பது சமூகவியல். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படிப்பது சட்ட மாணவரின் வேலை. அதே 2016இல் நாட்டின் தூய்மை நகரப் பட்டியலில் திருச்சி மூன்றாம் இடம் பெற்றது. அப்போதும் இந்த மேடு இங்கேயேதான் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதை எந்த ஒரு துறையும் தனியாக விளக்கிவிட முடியாது.

2021 மே மாதம் யு.ஜி.சி. கலப்பு முறைக்கான கருத்துக் குறிப்பை வெளியிட்டது. ஒரு பாடத்தின் நாற்பது விழுக்காடு வரை இணையத்தில் நடத்தலாம், மீதி வகுப்பறையில். இதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல துறை மாணவரை ஒன்றாக உட்காரவைப்பதற்குப் பெரிய தடை கால அட்டவணைதான். ஒரு துறைக்குப் பிராக்டிகல் நடக்கும் மதியத்தில் இன்னொரு துறையின் ஷிப்ட் இன்னும் தொடங்கியிருக்காது. பதிவு செய்த விரிவுரை இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த லால்குடிப் பெண், வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடிப்போன ஒரு விளக்கத்தை வீட்டில் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். கழிவு மேலாண்மையைக் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியரிடமே ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் கற்கலாம். இது சின்ன விஷயம் இல்லை.

கோளாறு அந்த நாற்பதில் இருக்கிறது. அது நேரத்தைப் பங்கு போடுகிறது. எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்ற கேள்வியை அது கேட்பதில்லை. விளைவு, விரிவுரை இணையத்துக்குப் போன பிறகும் வகுப்பறையின் அறுபது விழுக்காட்டில் அதே விரிவுரை திரும்ப நடக்கிறது. களப்பணிக்குப் பதில் ஒரு காணொளி காட்டப்படுகிறது. எதை இணையத்துக்கு அனுப்பக் கூடாதோ அதுவே முதலில் போய்விடுகிறது.

மதிப்பீட்டிலும் இதே கதைதான். ஸ்வயத்தில் வழக்கமாக அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. பெரும்பாலும் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். விடைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. சலித்து மீட்ட நிலத்தில் பூங்கா வைப்பதா, புதிய கழிவு ஆலை வைப்பதா என்ற கேள்விக்கு நாலு விடைகளில் ஒன்று சரியாக இருக்க முடியாது. நுண்ணுயிரியலும் வணிகவியலும் அங்கே மோதும். அந்த மோதல்தான் பாடம். மென்பொருளும் கணிதமும் கற்பிக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டம், இணையக் காணொளியையும் நேரடித் தேர்வையும் இணைத்தே நடக்கிறது. சரி தவறு சோதிக்கக்கூடிய பாடத்துக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதே அச்சு ஆகாது.

எதை எங்கே நடத்துவது என்ற கேள்வி இணையத்துக்கு முந்தியது. 1971இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.பி.சி. ஒளிபரப்போடு நின்றுவிடவில்லை. மாணவர்களைக் கோடைப் பள்ளிகளுக்கு வரவழைத்து ஒன்றாகத் தங்கிப் படிக்கவைத்தது. நம் அஞ்சல்வழிக் கல்வியிலும் நேர்முக வகுப்புகள் இருந்தன. ஆனால் அங்கேயும் பெரும்பாலும் விரிவுரையே நடந்தது.

சுற்றுச்சூழல் தாளை நான் வடிவமைத்தால் அரியமங்கலத்தை முதல் வாரத்தில் வைப்பேன். நாலு துறைகளிலிருந்து நாலு பேர் கொண்ட குழுக்கள். நேரில் பார்த்துவிட்டுக் கேள்விகளோடு திரும்பட்டும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தத்தம் கேள்விக்கான காணொளியைப் பார்த்துவிட்டு மற்ற மூவருக்கும் விளக்கட்டும். வகுப்பறை நேரம் முழுவதும் வாதத்துக்கு. குழு சேர்ந்து எழுதும் ஒரே அறிக்கைக்கு மதிப்பெண். அரியமங்கலத்திலேயே 1952 முதல் சேஷசாயி பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் இந்தக் குழுக்களில் சேரலாம்.

சிக்கல்கள் உண்டு. மாநகராட்சியின் அனுமதி வேண்டும், முகக்கவசமும் கையுறையும் தடித்த காலணியும் வேண்டும். அங்கே வேலை செய்பவர்களைப் படம் பிடித்துப் போடும் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லித்தர வேண்டும். இவற்றைவிடக் கடினமானது ஆசிரியரின் பணிச்சுமை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது விதி. இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்றால் அந்த மணி யார் கணக்கில் ஏறும்? காணொளி தேடித் தேர்ந்தெடுத்த இரவுகள் எந்தப் பதிவேட்டில் வரும்? கௌரவ விரிவுரையாளர்களிடம் இதைக் கூடுதலாகக் கேட்பது அநியாயம். இதற்கு விடை காணாமல் கலப்புக் கற்றல் என்று பேசினால் அதன் பாரம் முழுவதும் அவர்கள் தலையில்தான் விழும்.

பணிச்சுமை விதியை மாற்றக் காலம் பிடிக்கும். ஆனால் அந்த ஐந்து வகுப்பைக் கடைசி அலகிலிருந்து முதல் வாரத்துக்கு நகர்த்துவதை ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழு ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம்.