அம்மன் காசும் கண்டி அரியணையும்

1910ஆம் ஆண்டில் தோன்றி, இன்று புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் விளங்கும் அரசு அருங்காட்சியகத்திற்கு ஆசிரியரின் பின்னே வரிசையாக வரும் நம் பிள்ளைகளையும், 1877இல் திறக்கப்பெற்ற கொழும்புத் தேசிய நூதனசாலைக்குக் கல்விச் சுற்றுலா வரும் இலங்கைப் பிள்ளைகளையும் ஒருங்கே எண்ணிப் பார்க்குங்கால், நாம் கூட்டாட்சி என்றும் அவர்கள் சமஷ்டி என்றும் வழங்கும் ஒரே தத்துவத்தின் மூலத்தை இருசாராரும் வெவ்வேறு வாயில்களின் வழியே அணுகக்கூடும் என்பது புலனாகும்.

நம்மவர்க்கு வாயிலாவது அம்மன் காசு. ஒருபுறம் பிரகதாம்பாளின் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்னும் சொல்லும் தாங்கிய அச்சிறு செப்புக் காசைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் வழங்கி வந்தது என்று கேட்ட மாத்திரத்தில், தனக்கென நாணயம் படைத்திருந்த ராஜ்யம் எங்ஙனம் மறைந்தது என்ற வினா பிள்ளையின் உள்ளத்தில் தானே எழும். 1948 மார்ச் 3ஆம் நாள், ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில், அது இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவிற்குள் கரைந்தது. 1974இல் தனி மாவட்டமாக மீண்டது. திருவிதாங்கூரும் கொச்சியுமோ 1949இல் ஒன்றுகூடி, யூனியனின் ஓர் அங்கமாகவே நின்று, 1956இல் மொழிவழி அமைந்த கேரளத்திற்கு அடித்தளமாயின. ஆதலின் முடியாட்சி நடந்த நிலமெல்லாம் மாநிலமாகிவிடவில்லை என்பதைப் பிள்ளைகள் தம் ஊரின் சரித்திரத்திலேயே காணலாம்.

இலங்கையர்க்கு வாயிலாவது, இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு 1934இல் திரும்பி வந்த கண்டி மன்னரின் அரியணை. 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையால் பிரிட்டிஷார் வசமான கண்டி, 1833இல் கரையோர மாகாணங்களோடு ஒரே நிர்வாகத்தில் சேர்க்கப்பட்டது. இவ்வாறு ஒன்றாக்கப்பட்ட நாட்டிற்குச் சமஷ்டியை 1926இல் பரிந்துரைத்தவர், பின்னாளில் பிரதமரான சிங்களத் தலைவர் பண்டாரநாயக்க. மறு ஆண்டு, அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதனைக் கோரியவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். தமிழர் தலைவர் செல்வநாயகம் சமஷ்டி கோரித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியது 1949இல்தான். 1972இன் அரசியலமைப்போ ஒற்றையாட்சியையே பிரகடனம் செய்தது. இவ்வரிசையை அரியணையின் முன் நின்று கேட்கும் பிள்ளை, சமஷ்டி ஓர் இனத்தின் பிடிவாதம் அன்று, ஒன்றாக வாழ விரும்பிய பலரும் நாடிய ஏற்பாடு என்று உணரும்.

எனவே, குறிப்புச் சீட்டை வாசித்துவிட்டு நகரும் வழக்கத்தை ஈரிடத்து ஆசிரியர்களும் விடுத்து, இணைந்தபோது எவர் எதனைக் கொடுத்தார், எதனைத் தம்மிடம் வைத்துக்கொண்டார், எவர் சம்மதம் கேட்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும். புதுக்கோட்டை ஆசிரியர் திரும்பும் வழியில், மன்னரின் மாளிகையாயிருந்து இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிருக்கும் கட்டடத்தின் முன் சற்றே நிற்கட்டும். மனுவோடு உள்ளே செல்லும் குடிமக்களைக் காணும் பிள்ளைகள், தாம் கேட்ட வினாக்களுக்குரிய விடையின் ஒரு பகுதியை அங்கே கண்ணாரக் காண்பார்கள்.