பசலை விற்கும் வணிகம்

மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில், மருந்துக்கடை ஒன்றின் வாயிலில், அண்மையில் ஒரு காட்சி கண்டேன். தக்காளித் தோட்டத்து வேலை முடித்து வந்த தாய் ஒருத்தி; இரு கன்னத்திலும் மூக்கின் மீதும் மங்கு படர்ந்த முகம். "வெள்ளையாக வேண்டாம் தம்பி, முந்தி இருந்த நிறம் வந்தால் போதும்" என்றாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததோ வெளுப்பூட்டும் களிம்பு! கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று.

அவள் கேட்டது இன்னதெனத் தமிழ் இலக்கியம் அறியும். குறுந்தொகையின் 27ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. நல்ல பசுவின் பால் கன்றின் வாய்க்கும் போகாமல், கறக்கும் கலத்திலும் விழாமல், மண்ணில் சிந்திப் பாழாவது போலத் தன் மாமை அழகைப் பசலை தின்கிறதே என்று தலைவி நோகிறாள். மாமை என்பது யாது? மாந்தளிரின் நிறம் என்பர் உரைகாரர். பாலக்கோட்டுப் பக்கத்து மாந்தோப்புகளில் தளிர்விடும் பருவத்தில் சென்று பாருங்கள். செம்பும் கருமையும் குழைந்த அந்நிறம் நம் உழவர் வீட்டுப் பெண்களின் நிறமே. பசலை என்பது யாது? அந்நிறம் கெட்டு வெளிறிப்போதல். ஆம் தோழர்களே, வெளிறுதலே அங்கு நோய்! வள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரத்தையே, 119ஆம் அதிகாரத்தை, ஒதுக்கினார். மேனியில் தோன்றும் புள்ளிகளைத் திதலை என்றும் சுணங்கு என்றும் பெயரிட்டு, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர் அப்புலவர்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே சீரான மேனி அவர்கள் கனவிலும் இல்லை.

பழம்பெருமை பேசி மயங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. தலைவன் பிரிந்தால் வெளிறுவதும் வந்தால் மீள்வதும் என்று பெண்ணின் மேனியை ஆணின் வருகையால் அளந்த பாட்டுகள் அவற்றில் மிகப் பல. ஆயினும் வெள்ளிவீதியாரின் தலைவி, இவ்வழகு பயன்படாமற் போகிறதே என எண்ணும்போது, முதலில் தன்னைச் சொல்கிறாள்; அதன் பிறகே தலைவனைச் சொல்கிறாள். இந்த வரிசையை உரையாசிரியர்கள் விரைந்து கடந்து போகலாம், நாம் கடக்கலாகாது. மாமை முதலில் அவளுடையது.

இனி இக்காலக் காவியத்துக்கு வருவோம்; சில நொடிக் காவியம்! 1975ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றின் கதை இது: மகன் இல்லையே என்று தந்தை ஏங்குகிறார், மாநிற மகள் கேட்டு நிற்கிறாள், களிம்பு பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், வறுமை பறந்தோடுகிறது! கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். நோய் தந்தையின் நெஞ்சில். மருந்து மகளின் கன்னத்தில்! பெண்ணாய்ப் பிறந்தது குறை என்ற எண்ணத்தை விளம்பரம் தொடவே இல்லை. அதை முதலாக வைத்தே வணிகம் நடத்தியது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்து முறையிட்டது. 2003ஆம் ஆண்டில் விளம்பரம் திரையிலிருந்து இறங்கியது.

2020ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை ஒட்டி நிறவெறிக்கு எதிராக உலகம் கொதித்தபோது, 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. கால் நூற்றாண்டுக் காலம் நீடித்த கூச்சல் அல்ல, அரை நூற்றாண்டை நெருங்கிய பெயர் அது. ஒரே கோடையில் மாறிற்று. இன்று களிம்புக்காரர்கள் 'வெள்ளை' என்னும் சொல்லை வாயெடுத்துச் சொல்லத் தயங்குகின்றனர். 'கரும்புள்ளி', 'சீரற்ற நிறம்', 'பொலிவு' என்கின்றனர். சொல் நாகரிகம் பெற்றது. படத்தில் வரும் முகமோ, முதற் காட்சியிலிருந்து இறுதிக் காட்சிக்குள் முன்போலவே வெளுக்கிறது.

கரும்புள்ளிக்கு மருத்துவம் கூடாதா? தாராளமாகச் செய்துகொள்ளலாம். மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் உயிரணுக்கள் கறுத்தவர்க்கும் சிவந்தவர்க்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் உள்ளன. ஆக்கும் அளவும் வகையுமே வேறு. வெயில், கருவுற்ற காலம், கருத்தடை மாத்திரை, மரபு ஆகியவை அவ்வணுக்களை முடுக்கிவிடும்போது மங்கு படர்கிறது. (சோதிடர் சொல்லும் 'மங்கு சனி'க்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையே உறவு!) வெயில் தடுப்புப் பூச்சும், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தும், பல மாதப் பொறுமையும் இருந்தால் மங்கு மங்கும், வெயிலை மறந்தால் மீண்டும் வரும். இதனால் திரும்புவது அவரவர் சொந்த நிறம். பிறவி நிறத்துக்கு அப்பால் வெளுக்கச் செய்வது வேறு வேலை.

அந்த வேறு வேலையைத்தான் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் செய்வதாக நடிக்கின்றன. முதல் வாரம் முகம் பளிச்சிடும்; பின்னர்த் தோல் மெலியும், சிவந்த நரம்பு தெரியும், பரு பொங்கும், பெண் முகத்தில் மயிர் முளைக்கும்; நிறுத்தினால் எரியும். 2018ஆம் ஆண்டில் அரசு இவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. பாதரசம் கலந்தவை இவற்றினும் கொடியவை. 2023ஆம் ஆண்டில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்பூட்டும் களிம்பு பூசியவர் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். பூசியது முகத்தில்; புண்பட்டது சிறுநீரகம்!

அந்தத் தாயைப் பாலக்கோட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொன்னேன். அவளுடன் பருத்த உடலுள்ள மகனும் நின்றிருந்தான். பிடரியில் வெல்வெட்டுப் போலத் தடித்த கருமை. அழுக்கென்று நாள்தோறும் தேங்காய் நாரால் தேய்க்கிறாளாம். இன்சுலின் தன் வேலையை உடலில் சரிவரச் செய்யாதபோது அவ்விடம் அவ்வாறு கறுப்பதுண்டு. "பையனுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"இவனுக்கா? இதற்கும் களிம்பு இருக்கிறது என்றாரே!" என்று பையைத் திறந்து காட்டினாள்.