கடைசிக் காலத்து மொக்தார்

மலேசியக் கால்பந்து வீரர் மொக்தார் டஹாரி என்றதும் எல்லாரும் 1978-க்குப் போய்விடுகிறார்கள். மெர்டேக்கா அரங்கில் இங்கிலாந்து ‘பி’ அணிக்கு எதிராக, தன் பாதித் திடலிலிருந்தே பந்தை ஓட்டிக்கொண்டு போய் அடித்த கோல். ஆட்டம் 1-1. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் ஆர்சனலைச் சாய்த்த இரண்டு கோல்களும் அவருடையவைதான். ஆனால் சிலிம் ரிவர் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் ஆசையாகச் சொல்வது முப்பதைத் தாண்டிய மொக்தாரைப் பற்றி.

இந்த ஊர் பேராக்கில் இருந்தாலும் தஞ்சோங் மாலிமைத் தாண்டினால் சிலாங்கூர். மலேசியக் கிண்ணக் காலம் வந்துவிட்டால் தோட்டத்து லயங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. பேராக் கட்சியும் கைதட்டிய சிலாங்கூர் ஆட்டக்காரர் மொக்தார்.

“பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால ஒருதரம் பார்த்துக்குவாரு. அப்புறம் திரும்பவே மாட்டாரு, பந்து சரியா ஆளுகிட்ட போயிடும்” என்றார் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒருவர். இளமையில் ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியவர், பிற்காலத்தில் ஓட்டத்தைக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்தினார் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அவருடைய மேதைமைக்கு 1978 கோலைவிட இதுவே பெரிய சான்று. கால்பலம் இருபது வயதில் பலருக்கும் இருக்கும்.

தேசிய அணியிலிருந்து 1985-ல் விலகினார். மறு ஆண்டே மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் ஜொகூரை 6-1 என நொறுக்கியது. மொக்தாருக்கு அது 10-ஆவது கிண்ணம்.

நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல் என்று ஏடுகள் சொல்கின்றன. அந்தத் தோள்பார்வை எந்த ஏட்டிலும் இல்லை. 1991 ஜூலை 11-ல், 37 வயதிலேயே, இயக்க நரம்பணு நோய் அவரைக் கொண்டுபோனது. அவர் காலத்தில் கோல் கம்பத்தைக் காத்த ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் 1988-லேயே சாலை விபத்தில் போய்விட்டார். முதுமையில் உட்கார்ந்து கதை சொல்ல இருவருக்குமே கொடுத்துவைக்கவில்லை.

பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுத் தாத்தாவோ மாமாவோ ரயிலேறிப் போய் அந்த ஆட்டங்களைப் பார்த்தவரென்றால், இந்த வாரமே கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள்.